சிறு பவளத்தொட்டியில் மீன்களின் ஒத்துவாழ்வு: ஒரு மதிப்பாய்வு

கடல்நீர் நிரப்பிய சிறு கண்ணாடித் தொட்டியில் பவள உயிர்களோடு எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம் என்ற கேள்வி, கடல்மீன் வளர்ப்பு வீட்டுக்குள் நுழைந்த காலத்திலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. அதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒரு வகைப்பட்டவையல்ல. சிலர் அதனை நீரளவுக் கணக்காகவும், சிலர் நிறங்களுக்கிடையிலான பகையாகவும், சிலர் இடத்துக்கான போட்டியாகவும் கண்டனர். கையேட்டாசிரியர்களும் கடைக்காரர்களும் பெரும்பாலும் இனவாரி அட்டவணையோடு நின்றுகொண்டனர். இக்கட்டுரையில் சிறு தொட்டி என்பது ஏறத்தாழ 60 முதல் 150 லிட்டர் வரை கொள்ளும், ஒரு மீட்டருக்கு மேல் நீளாத தொட்டியைக் குறிக்கும். பவளத்தொட்டி என்பது மீன்களுடன் உயிருள்ள பவளங்களும், கழிவுகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறிய, துளைகள் நிறைந்த 'உயிர்ப்பாறை'யும் சேர்ந்தது. அளவை இவ்வாறு வரையறுத்துக்கொள்வது அவசியம். ஏனெனில் ஆயிரம் லிட்டர் தொட்டியில் பிழையாகவே தெரியாத ஒரு தேர்வு, நூறு லிட்டரில் சில நாட்களிலேயே ஓர் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

கேள்வி உருவான விதம்

தொடக்ககால வளர்ப்பாளர்களுக்கு இக்கேள்வி வேதியியல் கேள்வியாகவே இருந்தது. 1850இல் இங்கிலாந்தின் ராபர்ட் வாரிங்டன் பொன்மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் 'சமநிலைத் தொட்டி'யை விளக்கினார். 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் வெளியிட்ட 'தி அக்வேரியம்' என்னும் நூல் கடல்நீர்த் தொட்டியை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது. அக்காலத்தில் ஒத்துவாழ்வு என்றால், ஓர் உயிர் வெளியிடுவதை மற்றோர் உயிர் உட்கொண்டு நீரைக் கெடாமல் காப்பதும், ஒன்றை ஒன்று விழுங்காமல் இருப்பதும் மட்டுமே.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளத்திட்டிலிருந்து எடுத்த பாறைத்துண்டுகளும் காற்றுக்குமிழிகளுமே போதும் என்ற 'இயற்கை முறை'யை எழுதி வெளியிட்டார். பின்னர் ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் அதனோடு வலிமையான ஒளியையும், நீரிலுள்ள கரிமக் கழிவுகளை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவியையும் சேர்த்தனர். 1980களின் பிற்பகுதியில் பவளத்தொட்டி அமெரிக்க வீடுகளிலும் பரவியது. நீரைக் காப்பது கைவந்த பிறகுதான், நல்ல நீரிலும் மீன்கள் மீன்களாலேயே சாகின்றன என்பது பெரிதாகத் தெரியத் தொடங்கியது.

அளவுக் கணக்கு

மிகப் பரவலான விடை ஒரு வாய்ப்பாடு. நன்னீர்த் தொட்டிக்கு ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்றும், கடல்நீர்த் தொட்டிக்கு ஐந்து காலனுக்கு, அதாவது ஏறத்தாழ 19 லிட்டருக்கு, ஓர் அங்குல மீன் என்றும் அது சொல்லும். இந்த வேறுபாட்டுக்கு அடிப்படை உண்டு. 25 பாகை செல்சியசில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீரிலோ அது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கும், கடல்நீருக்குரிய 8.2 என்ற pH அளவில், நடுநிலை நீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகும்.

ஆயினும் மீனின் நீளத்தைக் கூட்டிப் பார்ப்பது தவறான அளவை. நீளம் இரட்டித்தால் உடல் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. கழிவு நீளத்தைப் பின்பற்றுவதில்லை, எடையையே பெரிதும் பின்பற்றுகிறது. இவ்வாய்ப்பாட்டின்படி 100 லிட்டர் தொட்டியில் நான்கு 3 செ.மீ. கோபி மீன்களை விடுவதும், பரந்த திட்டில் நாள் முழுவதும் நீந்தி மேயும் 13 செ.மீ. சர்ஜன் மீன் ஒன்றை அடைத்துவைப்பதும் சமம். இதற்கு நேர்மாறாக, ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களை வளர்ப்போரிடமிருந்து வந்த ஒரு கருத்தும் உண்டு: தொட்டியை நெருக்கமாக நிரப்பினால் எந்த மீனும் தனி எல்லை வகுக்க முடியாமல் சண்டை சிதறிப்போகும் என்பது அது. பாசியும் பவளமும் கழிவுக்கு உடனே எதிர்வினை காட்டும் சிறு பவளத்தொட்டியில் இம்முறைக்கு இடமில்லை.

நிறம் என்னும் எச்சரிக்கை: லோரன்சின் விடை

கேள்வியை வேதியியலிலிருந்து நடத்தையியலுக்கு நகர்த்தியவர் ஆஸ்திரிய நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்ஸ். மூர்க்கம் பற்றி 1963இல் அவர் எழுதிய நூல் பவளத்திட்டு மீன்களிலிருந்தே தொடங்குகிறது. சுவரொட்டி போலப் பளிச்சிடும் நிறங்களைக் கொண்ட மீன்கள் தம் இனத்தைச் சேர்ந்த மீனையே கடுமையாகத் தாக்குகின்றன, பிற இனங்களைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை என்பது தொட்டிகளிலும் கடலிலும் அவர் கண்டது. ஓர் இனத்தின் உறுப்பினர்கள் ஒரே உணவை நாடுவதால் அவை திட்டு முழுவதும் விலகிப் பரவியிருப்பது இனத்துக்கு நன்மை என்றும், அந்த விலக்கலைத் தூண்டும் அடையாளமே பளிச்சிடும் நிறம் என்றும் அவர் விளக்கினார்.

வளர்ப்பாளர்களின் 'ஓர் இனத்துக்கு ஒரு மீன்' என்ற விதிக்கு இதைவிட வலுவான கோட்பாட்டுத் துணை கிடைத்ததில்லை. கடலில் சண்டை ஏன் கொலையாவதில்லை என்பதற்கும் இதிலேயே விடை உண்டு: தோற்ற மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடுகிறது, துரத்திய மீனின் வேகமும் வீட்டிலிருந்து விலக விலகத் தணிகிறது. 60 செ.மீ. நீளத் தொட்டியில் ஓடித் தாண்ட வேண்டிய அந்த எல்லை கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. தோற்ற மீன் தோற்றுவிட்டதைத் தெரிவிக்க வழியின்றி மூலையில் ஒடுங்க, வென்ற மீன் அதனை இன்னும் போகாத ஊடுருவியாகவே காண்கிறது.

ஆனால் நிறக் கோட்பாடு முழுமையாக நிலைக்கவில்லை. ஆரஞ்சும் ஊதாவுமாக மின்னும் ஆந்தியாஸ் மீன்கள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. மங்கிய பழுப்பு நிற டாம்செல் மீன்கள் பலவும் திட்டிலேயே மிகச் சண்டைக்குணம் கொண்டவை. இனத்தின் நன்மைக்காகவே நடத்தை உருவாகிறது என்ற லோரன்சின் அடிப்படை எண்ணத்தையும் பிற்காலப் பரிணாமவியல் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது.

ஒரே எல்லையா, பல வட்டங்களா

1970களின் கள ஆய்வுகள் இன்னொரு திருத்தத்தைத் தந்தன. கிரேட் பாரியர் திட்டில் ஒரு டாம்செல் இனத்தை ஆராய்ந்த லோ என்னும் ஆய்வாளர், அது பாசி மேயும் பிற இனங்களையும் தன் மேய்ச்சல் இடத்திலிருந்து விரட்டுவதை 1971இல் காட்டினார். ஆர்தர் மிர்பெர்க், ரொனால்ட் திரெஷர் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுட்பமானது. மூன்றுபுள்ளி டாம்செல் மீனின் இருப்பிடத்தை நோக்கி, கொள்கலனில் அடைத்த வெவ்வேறு மீன்களைச் சிறிது சிறிதாக நெருங்கச் செய்து, எத்தொலைவில் அது பாய்ந்து தாக்குகிறது என்று அவர்கள் அளந்தனர். தன் இனத்து மீனைத் தொலைவிலேயே எதிர்த்த அது, பிற இனங்களை இனத்துக்கேற்ப வெவ்வேறு நெருக்கம் வரை விட்டுவைத்தது.

இதன்படி ஒரு மீனுக்கு இருப்பது ஒற்றை எல்லை அன்று, ஆளுக்கேற்ப விரிந்து சுருங்கும் பல வட்டங்கள். சிறு தொட்டியில் இதன் விளைவு கடுமையானது: தன் இனத்துக்குரிய பெரிய வட்டமும், உருவத்திலோ உணவிலோ ஒத்த இனங்களுக்குரிய நடுவட்டமும் தொட்டி முழுவதையும் விழுங்கிவிட, முற்றிலும் வேறான உடலும் பழக்கமும் கொண்ட மீனுக்கு மட்டுமே வட்டத்துக்கு வெளியே சிறிது இடம் எஞ்சுகிறது.

ஒப்புமை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதற்கு ஓர் இணை போதும். கரிபியன் கடலின் ராயல் கிராமாவும் மேற்குப் பசிபிக்கின் ராயல் டாட்டிபேக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்ற ஒரே அமைப்புடையவை. கிராமாவில் நிறங்கள் புள்ளிகளாய்க் கலந்து மாறும், முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளியும் இருக்கும். டாட்டிபேக்கில் இரு நிறமும் நேர்க்கோட்டில் வெட்டிப் பிரியும். இயற்கையில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இவ்விரண்டும் தொட்டியில் பகைவர்களாகின்றன என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. முன்னது ஒரு பொந்தைக் காத்து அடங்கியிருக்கும் மீன். பின்னது தன்னைவிடப் பெரியதையும் துரத்தும். கடையில் இரண்டும் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கும்போது ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிச் செல்வோர் குறைவல்லர்.

ஒழுங்கா, குலுக்கலா

அதே காலத்தில் சூழலியலாளரிடையே ஒரு பெரிய விவாதம் நடந்தது. இத்தனை மீனினங்கள் ஒரே திட்டில் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன என்பதற்கு, ஒவ்வோர் இனத்துக்கும் தனி இடமும் தனி உணவும் தனி நேரமும் உண்டு என்று ஒரு சாரார் விளக்கினர். 1972இல் ஸ்மித், டைலர் ஆகியோர் எழுதிய இடப்பங்கீட்டு ஆய்வு இப்பக்கத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியத் திட்டுகளில் ஆய்வு செய்த பீட்டர் சேல் 1977இல் இதனை மறுத்தார். ஒத்த தேவைகளுடைய பல இனங்களில், காலியான இடத்துக்கு எந்த மீனின் குஞ்சு முதலில் வந்து சேர்கிறதோ அதுவே இடத்தைப் பிடிக்கிறது, எனவே கூட்டமைப்பைப் பெரிதும் தீர்மானிப்பது குலுக்கல் என்பது அவர் வாதம்.

விவாதம் கடலில் முழுமையாகத் தீரவில்லை எனினும், தொட்டியைப் பொறுத்தவரை இரு தரப்பும் வெவ்வேறு பாடங்களைத் தருகின்றன. முதல் தரப்பு எந்த மீன்களைத் தேர்வது என்று சொல்கிறது: மணலில் வளை அமைப்பது ஒன்று, பாறைப் பொந்தில் தங்குவது ஒன்று, நடுநீரில் மிதந்து நிற்பது ஒன்று. சேலின் தரப்பு எந்த வரிசையில் விடுவது என்பதை நினைவூட்டுகிறது, ஏனெனில் முதலில் வந்த மீனுக்கு இடத்தின் மீது உரிமை பிறந்துவிடுகிறது. நடத்தையியலில் முன்குடியிருப்பின் சாதகம் எனப்படும் இவ்விளைவு பல விலங்குகளில் நன்கு உறுதிப்பட்டது. சாதுவான மீனை முதலிலும் முரட்டு மீனைக் கடைசியிலும் விடுக என்ற வளர்ப்பாளர் மரபும், புதிய மீனைத் துளையிட்ட பெட்டியில் சில நாள் தொங்கவிட்டுப் பழக்குவதும், பாறைகளை மாற்றி அடுக்கிப் பழைய எல்லைகளைக் குலைப்பதும் இச்சாதகத்தைக் குறைக்கும் முயற்சிகளே.

கோமாளி மீனின் வரிசை

ஒரே இனத்து மீன்களைச் சேர்த்து வைக்கலாமா என்ற துணைக்கேள்வியில் மிகத் தெளிவான அறிவு கிடைத்திருப்பது கோமாளி மீனைப் பற்றித்தான். 2003இல் வெளிவந்த திரைப்படத்துக்குப் பிறகு 'நீமோ' என்றே பலரும் கேட்டு வாங்கும் இம்மீன், இயற்கையில் கடற்சாமந்தி ஒன்றைப் பற்றிக்கொண்டு சிறு குழுவாக வாழ்கிறது. குழுவில் மிகப் பெரியது பெண். அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண். மற்றவை வளர்ச்சி அடங்கிய இளையவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறுகிறது, இளையவற்றில் மூத்தது ஆணாகிறது. இம்மாற்றத்தை மேலாதிக்கமே கட்டுப்படுத்துகிறது என்பதை ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977இல் விளக்கினர். பப்புவா நியூ கினியில் ஆய்வு செய்த பீட்டர் பஸ்டன் 2003இல் மேலும் ஒன்றைக் காட்டினார்: ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ளதைவிட ஒரு குறிப்பிட்ட அளவு சிறியதாக இருக்கும்படி தன் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கிறது. மேலுள்ளதை நெருங்கும் அளவுக்கு வளர்ந்தால் குழுவிலிருந்து வெளியேற்றப்படும் ஆபத்து அதற்கு உண்டு.

அளவில் வேறுபட்ட இரண்டு இளம் கோமாளி மீன்களை ஒன்றாக விட வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு இதுவே காரணம். பெரியது பெண்ணாகும், சிறியது உடலை நடுக்கிக் காட்டிப் பணிந்து ஆணாக நிலைக்கும். ஏற்கெனவே பெண்ணாகிவிட்ட இரண்டு பெரிய மீன்களைச் சேர்த்தால் எதுவும் திரும்ப ஆணாக முடியாது, சண்டைதான் மிஞ்சும். மூன்றாவது மீனைச் சேர்ப்போர், அது வெளியேற்றப்படும்போது போவதற்கு இரண்டாவது கடற்சாமந்தி தொட்டியில் இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

கூட்டமாக விற்கப்படும் பிற மீன்களின் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளுக்கே உரிய பங்காய் கார்டினல் மீனைக் குழுவாக விட்டால், பெரும்பாலும் ஓர் இணை உருவாகி மற்றவற்றை ஒழித்துவிடுகிறது. பச்சைக் குரோமிஸ் மீன் கடலில் நூற்றுக்கணக்கில் கூடி வாழ்வது. தொட்டியிலோ ஆறாக விட்டது சில மாதங்களில் ஒன்றாகவோ இரண்டாகவோ குறைகிறது என்று வளர்ப்பாளர்கள் தொடர்ந்து கூறுகின்றனர். பலவீனமானதை மற்றவை ஒவ்வொன்றாகக் கொத்தி அழிக்கின்றனவா, பிடித்து அனுப்பும்போதே தொற்றும் யூரோனீமா போன்ற ஒட்டுண்ணி காரணமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அட்டவணையின் பயனும் எல்லையும்

கடைகளிலும் கையேடுகளிலும் காணப்படும் ஒத்துவாழ்வு அட்டவணை, மீன் குடும்பங்களைக் கட்டங்களில் நிறுத்தி, சேரும், கவனம் தேவை, சேராது என்று மூன்று நிறங்களில் குறிக்கிறது. பல்லாண்டுப் பட்டறிவின் சாரம் அதில் இருக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அது சராசரியைத் தனி மீனுக்குரிய விதியாக்குகிறது. ஆறுகோட்டு ராஸ் என்னும் மீன் இதற்கு நல்ல சான்று: சுமார் 7 செ.மீ. மட்டுமே வளரும், பாறையிடுக்கில் நாள் முழுவதும் சிறு உயிர்களைத் தேடித் தின்னும் இம்மீன் சிலரது தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அடங்கி இருக்கிறது, சிலரது தொட்டியிலோ பின்னர் வந்த ஒவ்வொரு மீனையும் துடுப்பு கிழியத் துரத்துகிறது. பாறையமைப்பு, வந்த வரிசை, பருவம், தனிக்குணம் ஆகிய எவையும் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. அட்டவணையை எவற்றை விலக்குவது என்று அறியப் பயன்படுத்துவதே முறை. எவற்றை வாங்குவது என்று அறிய அது போதாது.

சண்டையில்லாத பகை

பெரும்பாலான விடைகள் ஒத்துவாழ்வைச் சண்டையின்மை என்றே கொள்கின்றன. இது அவற்றின் பொதுவான குறை. மாண்டரின் மீன் எந்த அட்டவணையிலும் சாதுவானது. ஆனால் உயிருள்ள நுண்ணிறால்களைக் கொத்தித் தின்றே வாழும் இம்மீனுக்குச் சிறு தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துவிடும். அதே நுண்ணிறால்களைத் தேடும் ஆறுகோட்டு ராஸும் உடன் இருந்தால், ஒரு கடியும் இல்லாமலே மாண்டரின் மெலிந்து சாகும். பவளங்களோடு ஒத்துவாழ்வதும் இவ்வகையே. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் பவளத்தின் சதையையே உண்பவை. குள்ள ஏஞ்சல் மீன்கள் சில தொட்டிகளில் பவளத்தைத் தொடுவதேயில்லை, சிலவற்றில் விட்டுவைப்பதில்லை.

மறுபக்கத்தில், அருகருகே வைப்பதால் நலம் கூடும் இணைகளும் உண்டு. மஞ்சள் காவல் கோபி, பார்வை மங்கிய துப்பாக்கி இறாலோடு ஒரே வளையில் வாழ்கிறது. இறால் ஓயாமல் மணலை வாரி வெளியே தள்ள, அதன் உணர்கொம்புகளில் ஒன்று கோபியின் மேல் பட்டபடியே இருக்கும். ஆபத்து நெருங்கினால் கோபி வாலை அசைக்கும், இறால் உடனே உள்ளே பின்வாங்கும். இந்த இணை தொட்டியின் அடித்தளத்தில் ஓரிடத்தோடு நின்றுவிடுவதால் மேலே வாழும் மீன்களுக்கும் அதற்கும் உரசல் குறைவு.

வளர்ப்பகத்தில் பிறந்த மீன்

அண்மைக்கால விடையொன்று, மீன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறது. கடல் அலங்கார மீன் வணிகம் 1930களில் இலங்கையில் சிறிய அளவில் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. அன்று முதல் அது பெரும்பாலும் கடலில் பிடித்த மீன்களையே நம்பியிருந்தது. இன்று கோமாளி மீன்களும், பல டாட்டிபேக், கோபி, கார்டினல் இனங்களும் வளர்ப்பகங்களில் பிறக்கின்றன; மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தி முறைகளை உருவாக்கியிருக்கிறது. கண்ணாடிக்குள் நெருக்கத்தில் வளர்ந்த மீன் செயற்கை உணவை எளிதில் ஏற்கிறது என்பதில் ஐயமில்லை. அது சண்டையிலும் குறைந்தது என்ற கூற்றுக்கு வளர்ப்பாளர் அனுபவங்களே பெரிதும் சான்று, அவையும் இனத்துக்கினம் மாறுகின்றன. வளர்ப்பகக் கோமாளிப் பெண் தன் மூலையை நெருங்கும் கையைக் கடிப்பதில் கடல் மீனுக்குச் சளைத்ததல்ல. இந்திய வாசகர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பும் தேவை: கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, எனவே மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறெந்த இந்தியக் கடலிலிருந்தோ பவளம் எடுப்பது குற்றம்.

எஞ்சியிருப்பவை

மேற்கண்ட விடைகளை அருகருகே வைத்தால், ஒத்துவாழ்வு என்பது ஓர் இனத்துக்குள் அடங்கிய பண்பாகத் தோன்றவில்லை. உருவ ஒப்புமை, உணவு, வந்த வரிசை, அளவு வேறுபாடு, ஒளிந்துகொள்ளும் இடம் ஆகியவை சேர்ந்து உருவாக்கும் நிலையாகவே தோன்றுகிறது. ஒரே இனத்தின் இரு மீன்கள் குணத்தில் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன, சில மாதம் அமைதியாயிருந்த தொட்டி பருவமுதிர்ச்சியோடு குலைவதை முன்கூட்டியே அறிய முடியுமா, கூட்டமீன்களுக்குச் சிறு தொட்டியில் பாதுகாப்பான எண்ணிக்கை என்று ஒன்று உண்டா என்பவை திறந்தே கிடக்கின்றன. கள ஆய்வுகள் மீட்டர் கணக்கில் எல்லைகளை அளந்தவை; அவற்றைச் சென்டிமீட்டர் கணக்குத் தொட்டிக்கு நேரடியாகப் பொருத்துவதிலும் எச்சரிக்கை தேவை.

இன்றைய அறிவின்படி 100 லிட்டர் தொட்டிக்கு ஓரளவு துணிந்து பரிந்துரைக்கத்தக்கது, மணலுக்கு இறாலோடு ஒரு காவல் கோபி, நடுநீருக்கு (தொட்டியின் மேல் இறுக மூடிய வலையோடு) ஃபயர்ஃபிஷ் என்னும் மீன் ஒன்று, பொந்துக்கு ஒரு ராயல் கிராமா, கடைசியாக விடப்படும் ஓர் இணை இளம் கோமாளி மீன் என்ற அளவோடு நிற்கிறது. டாம்செல், டாட்டிபேக், ஆறுகோட்டு ராஸ் ஆகியவற்றை மலிவு கருதியோ உறுதியான உடல் கருதியோ முதல் மீனாக விடுவது, மேலே கண்ட எந்தக் கோட்பாட்டாலும் ஆதரிக்கப்படாத தேர்வு. உயிர்ப்பாறை அடுக்கிய தொட்டியிலிருந்து ஒரு முரட்டு மீனைப் பிடிக்கப் பெரும்பாலும் பாறைகள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, விலக்கிய மீனை வைக்க இரண்டாவது தொட்டி ஒன்று இல்லாதவர் முதல் தொட்டியில் இரண்டு அல்லது மூன்று மீன்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.